ஆர்.ஈ.எம். குழுவின் ‘அவுட் ஆஃப் டைம்’: ஹட்டனில் கேட்டவர்கள் எழுப்பிய கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் கடைத்தெருவுக்கு மேலே உள்ள ஓர் அறையில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நாங்கள் சிலர் கூடி ஓர் அல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நிறுத்தாமல் கேட்பது வழக்கம். டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை எனப் பல பக்கங்களிலிருந்தும் வருகிறவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு. தேவாலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவர்களும் உண்டு. சென்ற முறை கேட்டது, அமெரிக்க ராக் குழுவான ஆர்.ஈ.எம். 1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட ‘அவுட் ஆஃப் டைம்’. பல ஆண்டுகள் சிறிய வட்டத்துக்குள்ளேயே இருந்த ஒரு குழு, ஒரு பாட்டைப் போல இன்னொரு பாட்டு இல்லாத ஓர் அல்பத்தைச் செய்து, அதைக் கொண்டே உலக வானொலிகள் எல்லாவற்றிலும் நுழைந்த கதை அது. கேள்விகள் நிறைய வந்தன. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பாதிக்கு மேல் பதில் சொல்ல முடியாமற் போயிற்று. அன்று கேட்கப்பட்டவற்றையும் பின்னர் தொலைபேசியில் வந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

‘அண்டர்கிரவுண்ட்’ குழு என்கிறீர்களே, இவர்கள் தலைமறைவாக இருந்தவர்களா?

இதைக் கேட்டவர் அறுபதைத் தாண்டிய ஓர் ஆசிரியர். எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் இந்த நாட்டில் கடந்து வந்த ஒருவருக்கு அந்தச் சொல் வேறு எதை நினைவூட்டும்? ஆனால் இசையில் அதற்கு அவ்வளவு பாரம் கிடையாது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பணமும் பெரிய வானொலிகளின் தயவும் இல்லாமல், சிறு நிறுவனங்கள், சிறு மண்டபங்கள், பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் வானொலிகள், கையால் தைத்த சிற்றிதழ்கள் ஆகியவற்றின் வழியாக மட்டுமே கேட்போரைச் சென்றடையும் குழுக்களை அப்படி அழைப்பார்கள்.

ஆர்.ஈ.எம். 1980இல் ஜோர்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரில் உருவானது. பாடுபவர் மைக்கேல் ஸ்டைப், கிட்டார் பீட்டர் பக், பேஸ் கிட்டார் மைக் மில்ஸ், ட்ரம்ஸ் பில் பெரி. பக் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர்; ஸ்டைப் அங்கே வந்துபோன வாடிக்கையாளர். கைவிடப்பட்ட ஒரு தேவாலயக் கட்டடத்தில் நடந்த பிறந்தநாள் விருந்துதான் அவர்களுடைய முதல் மேடை. 1981இல் ஒரு சிறு நிறுவனத்தின் மூலம் வெளிவந்த அவர்களுடைய முதல் தனிப்பாட்டின் (அல்பமாக அல்லாமல் தனியே வெளியிடப்படும் பாட்டு) பெயர் ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’. வானொலியில் இடமில்லாத ஒரு குழு வானொலியின் பெயரிலேயே தொடங்கியது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தச் சிறு வட்டத்திலிருந்து எப்படி வெளியே வந்தார்கள்?

மெதுவாக. 1983இல் வந்த ‘மர்மர்’ என்ற முதல் முழு அல்பத்தை ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அந்த ஆண்டின் சிறந்த அல்பமாகத் தெரிந்தெடுத்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், வானொலிகள் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஆண்டுக்கொரு அல்பம், இடையில் ஓயாத பயணம். 1987இல்தான் ‘த வன் ஐ லவ்’ என்னும் பாட்டு அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளின் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்து 9ஆம் இடம் வரை சென்றது. 1988இல் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, அதே ஆண்டில் ‘கிரீன்’ அல்பத்தை வெளியிட்டார்கள்.

இதில் ஸ்டைப்பின் உச்சரிப்பையும் கவனிக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் அவர் பாடுவதில் பாதிச் சொற்கள் அமெரிக்கர்களுக்கே விளங்காது. வாய்க்குள்ளேயே மென்று பாடுவார். ‘மர்மர்’ என்றால் முணுமுணுப்பு என்றுதானே பொருள். ஆண்டுகள் செல்லச் செல்லக் குரல் முன்னுக்கு வந்தது, சொல் தெளிந்தது. ‘கிரீன்’ அல்பத்தில்தான் முதன்முறையாக ஒரு பாட்டின் வரிகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். வானொலிக்கு ஏற்றவர்களாக இவர்கள் மாறியதில் பெரிய நிறுவனத்தின் பணத்துக்கு உள்ள பங்கைவிட இந்தத் தெளிவுக்கு உள்ள பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

ஒரே குழுவின் பாட்டுகள்தானா இவை? ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் செய்தது போல இருக்கிறதே?

அன்று அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களுடைய காது சரியாகவே வேலை செய்திருக்கிறது.

1989இல் ‘கிரீன்’ அல்பத்துக்காக உலகம் முழுவதும் சுற்றி முடித்தபோது நால்வரும் களைத்துப் போயிருந்தார்கள். இரவுக்கு இரவு பெரிய அரங்குகளில் எலக்ட்ரிக் கிட்டாரை உரக்க வாசித்த பீட்டர் பக்குக்கு அந்தக் கருவியே சலித்துவிட்டது. ஆகவே புதிய பாட்டுகளைக் கட்டத் தொடங்கியபோது அவரவர் வழக்கமான கருவியைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கினார்கள். பக் மெண்டலினையும் அக்கூஸ்டிக் கிட்டாரையும் எடுத்தார். மில்ஸ் ஓர்கன் முன் அமர்ந்தார். ட்ரம்ஸ் வாசிக்கும் பெரி சில பாட்டுகளில் பேஸ் கிட்டார் பிடித்தார். கை பழகாத கருவியில் பழைய பாட்டு வராது. நம் ஊர்த் திருவிழாவில் தவில்காரர் வராத நாளில் நாதஸ்வரக்காரரே தவிலைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாளம் தடுமாறலாம், ஆனால் அதுவரை யாரும் கேட்காத ஏதோ ஒன்று வந்து விழும்.

பதினொரு பாட்டுகள், ஏறத்தாழ 44 நிமிடங்கள். இசைத்தட்டின் முதல் பக்கத்துக்குக் ‘காலப் பக்கம்’ என்றும் மறுபக்கத்துக்கு ‘நினைவுப் பக்கம்’ என்றும் ஆங்கிலத்தில் பெயரிட்டிருந்தார்கள். முதற்பாட்டான ‘ரேடியோ சாங்’கில் கே.ஆர்.எஸ்.-வன் என்னும் ராப் கலைஞர் குரல் கொடுக்கிறார். மூன்றாவதான ‘லோ’ ஓர்கனோடு அடங்கிய குரலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகுகிறது. ‘நியர் வைல்ட் ஹெவன்’ பாட்டைப் பாடுபவர் ஸ்டைப் அல்லர், மில்ஸ். அடுக்கடுக்கான பின்குரல்களில் அறுபதுகளின் கலிபோர்னியாக் கடற்கரைப் பாட்டுகளின் சாயல் தெரியும். ‘எண்ட்கேம்’ பாட்டில் சொற்களே இல்லை, வெறும் முனகல். அதன் மேல் ஊதுகருவிகள். ‘பிலோங்’ பாட்டில் சரணம் பேச்சாக வருகிறது. சொல்லில்லாத குரல்கள் அதைப் பல்லவி போலத் தூக்கி நிறுத்துகின்றன. ‘ஹாஃப் எ வேர்ல்ட் அவே’ கேட்டால் பழங்கால நாட்டார் பாட்டு, ‘டெக்சர்கானா’ கேட்டால் நெடுஞ்சாலைப் பயணம். ‘கன்ட்ரி ஃபீட்பேக்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பிறகு சொல்கிறேன்.

இவ்வளவும் சிதறிப் போகாமல் ஒன்றாக நிற்பதற்குக் காரணம், மார்க் பிங்காம் எழுதிக்கொடுத்த வயலின் வகைக் கருவிகளின் இழை ஒன்று பல பாட்டுகளினூடாக ஓடுவதும், எல்லாவற்றுக்கும் அடியில் மில்ஸின் இசையறிவு இருப்பதும்தான். ஒலிப்பதிவின் பெரும்பகுதி நியூயோர்க் மாநிலத்தில் வுட்ஸ்டொக் பக்கத்தில் உள்ள பெயர்ஸ்வில் ஸ்டூடியோவில் நடந்தது. குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் ஸ்கொட் லிட்.

‘லூசிங் மை ரிலிஜன்’ சமயத்துக்கு எதிரான பாட்டா?

அறைக்கு அடியில் உள்ள கடையின் அம்மா தேநீர் கொண்டுவந்தபோது தலைப்பின் பொருளை ஒரு பையன் சொல்லக் கேட்டுவிட்டு, “தம்பி, சாமி இல்லேன்னா பாடுறாரு?” என்று கேட்டார். இல்லை, அம்மா. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ‘என் சமயத்தை இழக்கிறேன்’ என்பது ஒரு பேச்சு வழக்கு. பொறுமை எல்லை கடந்துவிட்டது, இதற்கு மேல் தாங்காது, வாயில் ஏதாவது வந்துவிடும் என்ற நிலையில் சொல்வது. சமயம் கற்றுக்கொடுத்த அடக்கமே கழன்று போகும் அளவுக்குக் கோபமோ தவிப்போ வந்துவிட்டது என்பது அதன் கருத்து. நம்மிடம் ‘மனுசனாவே இருக்க மாட்டேன்’ என்று சொல்வார்களே, ஏறக்குறைய அது.

பாட்டில் உள்ளது ஒருதலைக் காதல். மற்றவர் தன்னைக் கவனிக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், அதிகம் பேசிவிட்டேனோ, போதிய அளவு பேசவில்லையோ என்று தன்னையே குடைந்துகொள்ளும் ஒருவர் பாடுகிறார். சொல்லியும் சொல்லாமலும் தவிப்பது நமக்குப் புதிதா என்ன? சங்கக் கைக்கிளையிலிருந்து இன்றைய திரைப்பாட்டு வரை நம்மவர்கள் பாடித் தீர்க்காத பொருள் அது.

அந்தப் பாட்டில் கணகணவென்று கேட்பது என்ன கருவி? கிட்டாரில் வாசிக்க முடியுமா?

மெண்டலின். நான்கு இரட்டைத் தந்திகள், வயலினைப் போலவே சுருதி கூட்டப்படுவது. நம் பக்கத்துக்கு அது அந்நியமான கருவி அன்று. பழைய பைலாக் குழுக்களில் அது உண்டு. கர்நாடக இசைக்கு அதை மின்கருவியாக்கிக் கொண்டுவந்தவர் மெண்டலின் ஸ்ரீநிவாஸ். பீட்டர் பக் அந்தக் கருவியைப் புதிதாக வாங்கி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழகிக்கொண்டிருந்தபோது ஓடிக்கொண்டிருந்த ஒலிநாடாவில் இந்த மெட்டும் விழுந்துவிட்டது. மறுநாள் திருப்பிப் போட்டுக் கேட்டபோது, பழகும் ஆளின் தட்டுத்தடுமாறலுக்கு நடுவில் ஒரு முழுப்பாட்டு அங்கே கிடந்தது. தேர்ந்த மெண்டலின்காரர் ஒருவர் அதை வாசித்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது; விரல்கள் அடுத்த இடத்தைத் தேடிப் போகும் அந்தச் சிறு தயக்கந்தான் அதன் அழகு.

கிட்டாரில் தாராளமாக வாசிக்கலாம். சரணம் முழுவதும் ஏ மைனர், ஈ மைனர், டி மைனர், ஜி ஆகிய நான்கு கோர்டுகளுக்குள் சுற்றுகிறது; தொடக்கத்தில் எஃப் வரும். பாட்டின் பெரும்பகுதி நடபைரவி ராகத்தின் சுரங்களுக்குள் அடங்கிவிடுவதால், நம் காதுக்கு அது சட்டென்று பிடிபடுகிறது. பழகுகிறவர்கள் எஃப் கோர்டைப் பிடிக்கச் சிரமப்பட்டால் மெல்லிய நான்கு தந்திகளில் மட்டும் பிடித்தால் போதும். கையை உறுதியாக மேலும் கீழும் ஒரே சீராக அசைத்துக்கொண்டு, அடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் தந்தியைத் தொடுங்கள். அசைவை நிறுத்தினால் ஓட்டம் நின்றுவிடும்.

வானொலிக்கு ஏற்ற அல்பம் என்றால், விலைபோய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இதைக் கேட்டவன் கறுப்புச் சட்டையோடு வரும் ஒரு மெட்டல் ரசிகன். அவனிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வானொலிக்கு ஏற்ற பாட்டு என்பதற்கு அந்தக் காலத்து நிலையங்கள் வைத்திருந்த அளவுகோல்கள் வெளிப்படையானவை: மூன்று, நான்கு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், குரல் சீக்கிரம் வர வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் பல்லவி வந்து மனத்தில் ஒட்ட வேண்டும், முன்னால் போன பாட்டோடும் பின்னால் வரும் பாட்டோடும் உறுத்தாமல் சேர வேண்டும். இந்த அளவுகோல்களை வைத்து ‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டை அளந்து பாருங்கள். ஏறத்தாழ நாலரை நிமிடம். முன்னால் நிற்பது மெண்டலின். பல்லவி என்று சுட்டிக்காட்டக்கூடிய ஒன்றே கிடையாது. இதை முதல் தனிப்பாட்டாக வெளியிட வேண்டும் என்று குழு சொன்னபோது நிறுவனம் தயங்கியதில் வியப்பில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு அது வெளிவந்து, அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடத்தைப் பிடித்தது. அவர்களுடைய வாழ்நாளில் அங்கே அதைவிட உயரம் சென்ற பாட்டு வேறு இல்லை. அல்பம் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடத்துக்கு வந்தது. உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1992இல் மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன, அவற்றுள் ஒன்று சிறந்த ‘ஆல்டர்நேட்டிவ்’ அல்பத்துக்கானது.

அதாவது, அந்த அல்பத்திலேயே வானொலியின் இலக்கணத்துக்கு மிகக் குறைவாகப் பொருந்திய பாட்டுகளுள் ஒன்றுதான் வானொலியைத் திறந்துவிட்டது. இலக்கணத்துக்கு நன்றாகப் பொருந்திய பாட்டு எது என்றால் ‘ஷைனி ஹாப்பி பீப்பிள்’. அதே ஏதென்ஸ் நகரின் பி-52ஸ் குழுவைச் சேர்ந்த கேட் பியர்சன் சேர்ந்து பாடிய அந்தத் துள்ளல் பாட்டும் முதல் பத்துக்குள் வந்தது. ஆனால் குழுவே பின்னாளில் அதைத் தள்ளி வைத்துவிட்டது. 2003இல் வெளிவந்த தொகுப்பில் அதற்கு இடமில்லை. எனக்கென்னவோ அந்தப் பாட்டின் மேல் அவ்வளவு கோபம் இல்லை. மூன்று மாத்திரை நடையில் வயலின்கள் தொடங்கி, திடீரென்று நான்கு மாத்திரைத் துள்ளலுக்குத் தாவும் இடத்தில் அன்று அறையில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டை வெறுப்பதற்குப் பெரியவர்களாக வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இந்த அல்பத்தின் முதற்பாட்டே வானொலியைப் பற்றிய முறைப்பாடு. உலகம் சரிந்துகொண்டிருக்கும்போது ரேடியோவைக் கூட்டி வைத்தும் கேட்க எதுவும் இல்லை என்கிற எரிச்சல் அதில் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் வானொலியின் பெயரில் முதற்பாட்டை வெளியிட்டவர்கள், கதவு திறந்தவுடன் உள்ளே வந்து, வீட்டுக்காரரிடமே வீட்டின் குறையைச் சொல்லியிருக்கிறார்கள். விலைபோனவர்களுக்கு அது முடியுமா?

‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டின் வீடியோவில் சாமிப்படம் போலச் சில காட்சிகள் வருகின்றனவே?

கண்டுபிடித்தவருக்குப் பாராட்டு. இயக்கியவர் தர்செம் சிங், பஞ்சாபில் பிறந்தவர். இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஒளியும் இருளும், சிறகு முளைத்த கிழவரைப் பற்றிக் கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸ் எழுதிய சிறுகதை, அவற்றோடு இந்தியச் சமயப் படங்களின் பளிச்சென்ற நிறமும் நிற்கும் தோரணையும் அதில் கலந்திருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பராவின் சுவரில் தொங்கும் சிவகாசிக் கலண்டரைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது உடனே தெரியும். 1991இல் எம்டிவி விருதுகளில் அது ஆறு விருதுகளைப் பெற்றது.

இவ்வளவு விற்ற அல்பத்துக்காக உலகப் பயணம் போனார்களா?

போகவில்லை. சில வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் மட்டும் வாசித்தார்கள்.

அல்பத்தோடு வாக்குரிமை பற்றிய அட்டை வந்தது என்று சொன்னீர்களே, அது என்ன?

அந்த நாட்களில் அமெரிக்காவில் சிடிக்களை நீளமான அட்டைப் பெட்டிக்குள் வைத்து விற்பார்கள். வீட்டுக்குப் போனதும் குப்பைக்குப் போகும் பெட்டி அது. ‘அவுட் ஆஃப் டைம்’ பெட்டியின் பின்புறத்தில் ஒரு மனுவை அச்சிட்டிருந்தார்கள். வாகன ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே வாக்காளராகவும் பதிய வழி செய்யும் சட்டமூலத்தை ஆதரிக்கும்படி செனட் உறுப்பினரைக் கேட்டு, வாங்கியவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். சட்டமூலத்தை 1992இல் ஜனாதிபதி புஷ் மறுத்தார். 1993இல் கிளின்டன் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார்.

காதல் பாட்டுகள் நிறைந்த ஓர் அல்பத்துக்கு இது ஒட்டாத விடயம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1947 தேர்தலில் இந்த மலைகளிலிருந்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய நம் முன்னோர்களிடமிருந்து 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதற்கடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் வாக்கைப் பறித்தன. எஞ்சியிருந்த நாடற்றவர்கள் எல்லாருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பாட்டு வாங்கிய பெட்டியில் வாக்குக்கான மனுவும் இருந்தது என்பதைக் கேட்டு இந்த அறையில் ஒரு கணம் யாரும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த மாதிரிப் பாட்டு நம் வானொலிகளில் ஏன் வருவதில்லை?

நம் தமிழ் எஃப்எம் நிலையங்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் திரைப்பாட்டுதான். கேட்போர் விரும்புவதைப் போடுகிறோம் என்பார்கள்; போடுவதைத்தானே கேட்போர் விரும்பப் பழகுவார்கள் என்பது என் பதில். இலங்கையில் வானொலி 1925இல் தொடங்கியது. ரேடியோ சிலோனின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டில் உள்ளவர்கள் காத்திருந்து கேட்ட காலமும் இருந்தது. அந்த வானொலிக்கு மெல்லிசைப் பாடல் என்று திரைக்கு வெளியே ஒரு தனி மரபே இருந்தது என்பதை இன்றைய அறிவிப்பாளர்கள் சிலராவது நினைவில் வைத்திருக்கலாம்.

மலைக்கென்று இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எஃப்எம் அலை கண்ணுக்கெட்டும் நேர்கோட்டில் செல்வது. நடுவில் ஒரு மலை நின்றால் அதற்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் இரைச்சல்தான். சிற்றலை அப்படியன்று, வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி விழுவது. எங்கள் தாத்தா காலத்தில் கொய்யா மரத்துக்கும் கூரைக்கும் நடுவில் கட்டிய செம்புக் கம்பியில் உலகமே வந்து இறங்கியது. இன்று தோட்டத்தின் ஒரு டிவிசனில் கேட்கும் நிலையம் அடுத்த டிவிசனில் கேட்காது.

எங்கள் தோட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து பேண்ட் வைத்திருக்கிறோம். வானொலியில் போடக்கூடிய ஓர் அல்பம் செய்ய ஆசை. இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

மெண்டலினை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்களுடையது. எடுத்துக்கொள்ள வேண்டியது கருவி மாற்றும் பழக்கத்தை. ஒரு வாரம் கிட்டார்காரர் ட்ரம்ஸில் உட்காரட்டும், பாடுபவர் வாயை மூடிக்கொண்டு கீபோர்ட் வாசிக்கட்டும். கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் பதிந்து வையுங்கள். தொண்ணூறு சதவீதம் குப்பையாக இருக்கும், அதில் தவறில்லை.

தப்பு மேளத்தைச் சேர்க்க வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுகிறீர்கள். சேருங்கள். ஆனால் பாட்டின் தொடக்கத்தில் பத்து விநாடி அடித்துவிட்டுப் பிறகு ட்ரம் மெஷினுக்குப் போய்விடுவது, கலியாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவது போல. அலங்காரந்தான், வீட்டைத் தாங்காது. பாட்டையே தப்பின் நடையின் மேல் கட்டுங்கள். காமன் கூத்தின் அடிகளைத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். ஒலிப்பதிவு நாளில் மழை இருந்தால் தோல் தளர்ந்து சத்தம் மொந்தென்று விழும், ஆகையால் வைக்கோலோ காகிதமோ எரித்துக் காய்ச்ச ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு முறை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் தீ மூட்ட விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் தப்பை முச்சக்கர வண்டியின் சைலன்சருக்குப் பக்கத்தில் பிடித்துக் காய்ச்சினோம். பாதிதான் ஏறியது.

வானொலிக்காக என்றால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். எஃப்எம் ஏறத்தாழ 15,000 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரை உள்ள ஒலியை மட்டுமே கடத்தும்; ஏஎம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கேட்பவரின் சிறு ஸ்பீக்கரோ 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸை ஏறக்குறைய விழுங்கிவிடும். பெரிய ஹெட்போனில் மட்டும் கேட்டுத் திருப்திப்படாமல், தோட்டத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்துக் கடையில் இருக்கும் பழைய ரேடியோவிலோ முச்சக்கர வண்டியிலோ போட்டுக் கேளுங்கள். அங்கே பாடகரின் சொல் தெளிவாகக் கேட்டால் வேலை முடிந்தது. கேட்காவிட்டால் இசைக் கருவிகளைக் குறையுங்கள், குரலைக் கூட்டாதீர்கள்.

பதினொன்றில் உங்களுக்குப் பிடித்தது எது?

‘கன்ட்ரி ஃபீட்பேக்’. உடைந்துகொண்டிருக்கும் ஓர் உறவில் வீட்டில் கிடக்கும் சாமான்களை எண்ணுவது போல ஒருவர் வரிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். தாளில் முழுமையாக எழுதாமல், குறித்து வைத்த சில சொற்களோடு ஸ்டைப் ஒலிவாங்கிக்கு முன் நின்று ஒரே முறையில் பாடி முடித்தது அது. ஜோன் கீன் வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார் பின்னால் இழுத்து இழுத்து அழுகிறது. நம் ஒப்பாரியில் ‘ஐயா’ என்ற சொல்லின் கடைசி எழுத்து நீளுமே, அந்த நீளம். வானொலிக்குக் கொஞ்சமும் ஏற்காத பாட்டு. கோடிப் பேர் வாங்கிய அல்பத்தின் கடைசிக்கு முந்தின இடத்தில் அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து இவர்களுடைய எதைக் கேட்கலாம்?

1992இல் வந்த ‘ஆட்டோமெட்டிக் ஃபோர் த பீப்பிள்’. இதைவிட இருண்டது, இதைவிடச் சீரானது. பொறுமை உள்ளவர்கள் அதற்குப் பிறகு ‘மர்மர்’ வரை பின்னோக்கிப் போகலாம். பில் பெரி 1997இல் விலகினார்; குழு 2011இல் கலைந்தது.

நீங்கள் முதலில் இதை எப்படிக் கேட்டீர்கள்?

ஒலிநாடாவில். தொண்ணூறுகளில் கண்டியில் ஒரு ரெக்கோடிங் பாரில் அறுபது நிமிட கேசட் ஒன்றில் பதிந்து வாங்கினேன். பக்கத்துக்கு முப்பது நிமிடம். அல்பத்தின் முதற்பக்கமோ இருபத்தொரு நிமிடங்கூட இல்லை. மிச்சத்தை வெறுமையாக விட மனம் வராத கடைக்காரர், காசுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு தமிழ்த் திரைப்பாட்டுகளைச் சேர்த்துப் பதிந்து கொடுத்துவிட்டார். சொற்களில்லாத ‘எண்ட்கேம்’ அடங்கியவுடன் தபேலாவும் ஒரு பெண் குரலும் வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. பத்து ஆண்டுகள் அப்படியே கேட்டேன். அன்று ஹட்டனில் ‘எண்ட்கேம்’ முடிந்து ஒரு கணம் அமைதி வந்தபோது, மற்றவர்கள் எல்லாரும் அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்க, நான் மட்டும் அந்தத் தபேலாவுக்காகக் காத்திருந்தேன்.